கடைசி அறைக்கு மிஞ்சிய வார்த்தை

இந்தப் பக்கம் உட்காருங்கள் அக்கா, அங்கே வெயில் முகத்தில் அடிக்கும். அக்கா என்று கூப்பிடலாம்தானே? ஆன்ட்டி என்றால் சிலருக்குக் கோபம் வருகிறது. பாப்பா ஜன்னலோரம் உட்காரட்டும். பெட்டியைக் காலுக்கடியில் தள்ளிவிடுங்கள். புதுப் பெட்டி, புது வாளி, புதுத் தலையணை. கேட்கவே வேண்டாம், பெண்ணை யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் சேர்க்கத்தான் போகிறீர்கள். நானும் அங்கேதான். எம்.ஏ. பொருளாதாரம், இரண்டாம் வருடம். பெயர் அங்கயற்கண்ணி. அங்கை என்று கேட்டால் யாரும் அறையைக் காட்டுவார்கள். வக்கீலம்மா என்று கேட்டாலும் காட்டுவார்கள். கேலி என்று நினைத்து வைத்த பெயர். எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது.

ஹாஸ்டல் எப்படி என்று கேட்டீர்கள். சாப்பாடு பரவாயில்லை. தண்ணீர் காலையில் ஒழுங்காக வரும். ஆனால் நீங்கள் பெட்டியை இறக்கி வைத்த அரை மணி நேரத்தில் யாராவது ஒருத்தி வந்து உங்களுக்கு ஒரு கதை சொல்வாள். பிலோமினா கதை. அதில் நான்தான் வில்லி. அதனால் அவர்கள் வாயால் கேட்பதற்கு முன்னால் என் வாயால் கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நடுவில் மட்டும் குறுக்கிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போக எங்களுக்கு அவுட் பாஸ் வேண்டும். ஆண்கள் விடுதியிலா? பாஸும் கிடையாது, கேட்டும் கிடையாது. இருந்த கேட்டை யாரோ கழற்றி விற்றுவிட்டதாகப் பேச்சு. எங்களுக்குப் பாஸ். பாஸில் வார்டன் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு என்ன கொடுக்க வேண்டும் தெரியுமா? ஒரு வார்த்தை. ஆங்கில வார்த்தை.

சிரிக்காதீர்கள் அக்கா, உண்மை. வார்டன் வத்சலா மேடம் ஆங்கிலத் துறை. “என் பொண்ணுங்க இங்கிலீஷ் தெரியாம வெளிய போய் முழிக்கக் கூடாது” என்பது அவருடைய பல்லவி. சனிக்கிழமை சாயங்காலம் மெஸ் ஹாலில் அட்டெண்டன்ஸ். கரும்பலகையில் எழுதிப் போடுவார்: ஐந்து எழுத்து, உள்ளே ஏ, ஆர், எம் இருக்க வேண்டும். எந்த வரிசையிலும் இருக்கலாம். ஃப்ரேம் சொல்லலாம், ட்ரீம் சொல்லலாம், ஸ்மார்ட் சொல்லலாம். பெயர் கூப்பிட்டதும் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் பாஸ். சொல்லாவிட்டால் ஞாயிறு முழுக்க உள்ளேயே கிட. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொல்லக் கூடாது.

இதில் என்ன அநியாயம் என்று பார்க்கிறீர்களா? பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது, முகத்தைப் பாருங்கள். ஆமாம். பெயர் கூப்பிடுவது முதல் அறையிலிருந்து. முதல் அறைகளில் யார் இருக்கிறார்கள்? அங்கே அட்டாச்டு பாத்ரூம் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். அந்தக் கட்டணத்தைக் கட்ட முடிந்தவர்கள் யார்? எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷுக்குக் கட்டணம் கட்ட முடிந்தவர்கள். அவர்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து ட்ரீமும் ஸ்மார்ட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் அறை மேல்மாடியில் கடைசி. எங்கள் முறை வரும்போது கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்கு வருகிற மாதிரி வெறும் ரசம்தான் வரும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பெண், எல்லா வார்த்தையும் தீர்ந்த பிறகு, யாருக்கும் தெரியாத வார்த்தையைச் சொன்னால்தான் சோப்பு வாங்க வெளியே போகலாம். என்ன நியாயம் இது?

எழுந்து கேட்டேன். “மேடம், ஒரு வாரம் கடைசி அறைலேர்ந்து ஆரம்பிங்க.”

“அங்கயற்கண்ணி, உனக்கு வாய் இருக்கு. வார்த்தைதான் இல்ல” என்றார். ஹாலே சிரித்தது.

வார்த்தை இல்லையாம்! மறுநாளே போனில் தேடி ஒரு இணையதளம் கண்டுபிடித்தேன். எத்தனை எழுத்து, எந்தெந்த எழுத்து என்று தட்டினால் போதும், அகராதியில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடும். மனிதர்கள் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தைகள். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பலகையில் எழுதின உடனே, போனைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு வார்த்தை பரிமாறினேன். ஒவ்வொருத்தி காதிலும் ஒன்று. ஏமாற்றா? போன் கூடாது என்று எங்கே சொல்லியிருக்கிறது? ஒரு தடவை ஆறு எழுத்து, உள்ளே சி, ஹெச், ஓ, ஆர். தாவரவியல் கோமதிக்கு ‘ஆங்கர்’ கொடுத்தேன். நங்கூரம். அவள் தேனிப் பக்கம், நங்கூரத்தைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டாள். கணீரென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மேடம் கையெழுத்துப் போட்டார். போட்டுத்தானே ஆக வேண்டும்? அன்றைக்கு என் அறைத்தோழி பிலோமினா ஹாலுக்கு வரவில்லை, காய்ச்சலில் படுத்திருந்தாள். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து முதல் அறை ஷ்ருதி ஒரு நாள் திரும்பவும் ‘ட்ரீம்’ என்றாள். போன மாதம் சொன்ன அதே ட்ரீம். மேடம் பேனாவைத் திறந்துவிட்டார். விடுவேனா? “மேடம், சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதான். அதில் இந்த மாசம், போன மாசம் என்ன?” என்று எழுந்தேன். ஷ்ருதி, “ஹலோ, யாரு ஞாபகம் வச்சுக்குவா?” என்றாள். “நான் வச்சுக்குவேன்” என்றேன். வைத்துக்கொண்டும் இருந்தேன். யார், எந்த வாரம், என்ன வார்த்தை என்று எல்லாம் இங்கே, தலையில். மேடம் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார். ஒரு முறை சொன்னது எப்போதைக்கும் முடிந்தது. அதற்கு ஹாஸ்டலில் ‘அங்கை சட்டம்’ என்றே பெயர். இந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான் அக்கா.

மேடம் சும்மா இருப்பாரா? “இனிமே வார்த்தை மட்டும் பத்தாது, பொருளும் சொல்லணும்” என்றார். எங்கள் வரிசை மறுபடி விழுந்தது. அப்போதுதான் முடிவெடுத்தேன். விளையாடினால்தானே தோற்க வேண்டும்? விளையாடவே வேண்டாம். வரும் சனிக்கிழமை முதல் அறையிலிருந்து கடைசி அறை வரைக்கும் எல்லாரும் ஒரே பதில்: தெரியாது மேடம். எல்லாருக்குமே தெரியாவிட்டால் எல்லாருக்கும் பாஸ் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தர்க்கப்படி அவருக்கு வேறு வழியே இல்லை. அறை அறையாகப் போய்ப் பேசினேன். முதல் அறைப் பெண்கள்கூட உடனே சரி என்றார்கள். திங்கட்கிழமை அவர்களுக்குத் தேர்வு இருந்தது, எப்படியும் வெளியே போக மாட்டார்கள் என்று கோமதி சொன்னாள். அது வேறு விஷயம். ஒற்றுமை ஒற்றுமைதான்.

இப்போது பிலோமினா. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். விலங்கியல் படிக்கிறாள். பேசவே மாட்டாள். நான் ஒரு மணி நேரம் பேசினால் நடுநடுவே “ம்” என்பாள். எதிர்வாதமே இல்லாத “ம்”. ஒரே அறையில் ஒரு வருடம் அவளோடு எனக்கு ஒரு சண்டை கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை நான் போராட்ட அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

“அங்கை, இந்த வாரம் மட்டும் நான் ஒரு வார்த்தை சொல்லிக்கிடட்டா?”

“ஏன்டீ?”

“அம்மா மஸ்கட் போறா. ஒரு வீட்டுல வேலை. ஞாயித்துக்கெழம காலைல ரயிலு நம்ம ஜங்ஷன் வழியாப் போவுது. பத்து நிமிஷம் நிக்கும். பாத்துட்டு வந்துருவேன். மூணு வருஷ ஒப்பந்தம்டீ.”

“நீ ஒருத்தி சொன்னா எல்லாம் உடைஞ்சிரும்டீ.”

“அப்போ மேடத்துக்கிட்ட தனியாப் போய்க் கேக்கட்டா?”

“கெஞ்சப் போறியா? அம்மாவைப் பாக்கறது உன் உரிமை. உரிமையை யாராவது தனியாப் போய்க் கேப்பாங்களா? நாளன்னிக்கு எல்லாருக்கும் பாஸ் வரும், அதுல உனக்கும் வரும். நான் இருக்கேன்ல?”

“ம்” என்றாள். நான் அறிவிப்புக்குத் திரும்பிவிட்டேன். ‘தோழியரே’ என்று தொடங்குவதா, ‘சகோதரிகளே’ என்று தொடங்குவதா என்பதிலேயே நின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை. பலகையில் ஆறு எழுத்து, உள்ளே என், சி, ஹெச். பிராஞ்ச், லாஞ்ச், சான்ஸ் என்று முதல் அறைக்காரிகளுக்குத் தூக்கத்தில்கூட வரும் வார்த்தைகள். முதல் பெயர்.

“தெரியாது மேடம்.”

“ஷ்ருதி?”

“தெரியாது மேடம்.”

அக்கா, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அறை அறையாக, வரிசை வரிசையாக, தெரியாது மேடம், தெரியாது மேடம். தெரிந்த பெண்கள் தெரியாது என்று சொல்கிற அழகு! பாதி ஹால் தாண்டியதும் மேடம் பாஸ் கட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டார். “சரி. யாருக்கும் தெரியலன்னா யாரும் போக வேண்டாம்” என்றார். அவ்வளவு அமைதியாக. இதை நான் எதிர்பார்க்கவில்லை. தர்க்கத்தில் இது வரவே கூடாது. ஆனால் பெயர் கூப்பிடுவதை அவர் நிறுத்தவில்லை, நாங்களும் பதிலை நிறுத்தவில்லை.

கடைசி அறை. “பிலோமினா?”

எழுந்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு, “ஆங்கர், மேடம்.”

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என்னை, அவளை இல்லை.

மேடம் முகத்தில் எப்படியொரு வெளிச்சம்! “பொருள்?”

“நங்கூரம் மேடம். வள்ளம் நகந்து போவாம நிக்கதுக்குப் போடுவோம்.”

“வெரி குட். வெரி குட்மா” என்று பாஸ் கட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

இப்போது சொல்லுங்கள். அந்த இடத்தில் நீங்கள் நானாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கோமதிக்கே அவள் சொன்ன வார்த்தை மறந்துவிட்டது. மேடத்துக்கு ஞாபகமில்லை. ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஷ்ருதி சொன்னால் எழுந்து நிற்பேன், என் தோழி சொன்னால் வாயைப் பொத்திக்கொள்வேன் என்றால் நான் யார்? எனக்கும் முதல் அறைக்கும் என்ன வித்தியாசம்?

எழுந்தேன். “மேடம், அது சொன்ன வார்த்தை. கோமதி சொன்னது.”

“அங்கயற்கண்ணி, உட்காரு.”

“சட்டம் மேடம்.”

“நெஜமாத்தான் சொல்றியா?”

“நீங்க ஒத்துக்கிட்ட சட்டம்தான் மேடம்.”

மேடம் என்னையே பார்த்துக்கொண்டு பேனாவை மூடினார். மூடிக்கு ஒரு சத்தம் உண்டே, ‘டிக்’ என்று, அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பிறகு பிலோமினாவிடம், “வேற ஏதாவது தெரியுமாம்மா? யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல” என்றார்.

பிலோமி மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் நாக்கில் எத்தனை வார்த்தை நின்றது தெரியுமா? பிராஞ்ச் இருந்தது, லாஞ்ச் இருந்தது. அந்த வாரம் யாரும் தொடவே இல்லையே, எல்லாம் அப்படியே கிடந்தது. உதட்டை அசைத்திருந்தால் போதும், அவள் பிடித்திருப்பாள். ஆனால் போராட்டத்தை அறிவித்தவளே வார்த்தை எடுத்துக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? நீங்களே சொல்லுங்கள்.

“தெரியாது மேடம்” என்றாள் பிலோமி. உட்கார்ந்தாள்.

அடுத்து நான். “தெரியாது மேடம்!” ஹாலிலேயே உரக்கச் சொன்னது நான்தான். ஆக, முதல் அறையிலிருந்து கடைசி அறை வரை ஒரு பாஸ்கூட வாங்காமல் போராட்டம் முழு வெற்றி. அன்று சாப்பாட்டில் யாரும் என்னோடு உட்காரவில்லை. பிலோமியைக் கோபத்தில் தடுத்தேன் என்கிறார்கள். பொறாமை என்கிறார்கள். கொள்கை என்று ஒரு வார்த்தை இருப்பது இவர்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கண் விழித்தால் பிலோமி தலை சீவிக்கொண்டிருக்கிறாள். நீலச் சுடிதார், ஈஸ்டருக்கு எடுத்தது.

“எங்கடீ?”

“ஸ்டேஷனுக்கு.”

“பாஸ் இல்லாமயா? வாட்ச்மேன் விடமாட்டார்டீ.”

“ம்.”

அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கையில் வேறு ஒன்றுமில்லை. மாடி வராண்டாவில் நின்று பார்த்தேன். கேட் அருகில் வாட்ச்மேன் இருளப்பன் அண்ணன் எழுந்து கையை நீட்டினார். இவள் ஏதோ சொன்னாள். அவர் பூட்டைத் திறந்தார். இவள் போய்விட்டாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. நான் இரண்டு மாதம் முட்டி மோதிய கேட் அது. கீழே போய்க் கேட்டேன். “அண்ணே, அவ என்ன சொன்னா? எந்த விதியைக் காட்டினா?”

“விதியா? அம்மா வெளிநாடு போறாங்க, ரயிலு பத்து நிமிஷம்தான் நிக்குமுன்னுச்சு. தொறந்துவிட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன சொல்லணும்?”

பார்த்தீர்களா? ஒரு வாதம் கிடையாது. ஒரு காரணம், ஒரு மேற்கோள், ஒரு கொள்கை, ஒன்றும் கிடையாது. இதையெல்லாம் ஒரு போராட்டம் என்று ஒத்துக்கொள்ள முடியுமா?

ஆனால் ஹாஸ்டல் ஒத்துக்கொண்டது அக்கா! அடுத்த சனிக்கிழமை மேடம் பலகையில் எழுத்துகளைப் போட்டார். பாதிப் பெண்கள் அட்டெண்டன்ஸ் சொல்லிவிட்டு, வார்த்தை சொல்லாமல், தெரியாது என்றும் சொல்லாமல், தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள். ஞாயிறு காலை அவரவர் பாட்டுக்குக் கேட்டுக்குப் போய் “கடைக்குப் போறேன்ணே”, “சர்ச்சுக்கு”, “சும்மாத்தான்” என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். இருளப்பன் அண்ணன் ஒற்றை ஆள், எத்தனை பேரைப் பிடிப்பார்? இரண்டு வாரத்தில் பாஸ் செத்துப்போயிற்று. இப்போது அந்தப் பலகையில் மெஸ்காரர் ‘இன்று கூட்டு: சௌசௌ’ என்று எழுதுகிறார். பாப்பா, உனக்குச் சௌசௌ பிடிக்குமா? பழகிக்கொள்.

இதற்கெல்லாம் அஸ்திவாரம் போட்டது யார்? நான். வாரம் வாரம் எழுந்து நின்றது யார்? நான். வார்த்தை பரிமாறியது யார்? ஆனால் கேட்டுப் பாருங்கள், “பிலோமினாதான் கதவத் தொறந்தா” என்பார்கள். கதவைத் திறந்தது இருளப்பன் அண்ணன்! உண்மை என்று ஒன்று வேண்டாமா?

பிலோமியா? அன்று மதியத்துக்குள் திரும்பி வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது, பஸ் தூசி என்று நினைக்கிறேன். கையில் துணி கட்டிய ஒரு பாட்டில், அவர்கள் ஊர் இறால் ஊறுகாய். எங்கள் இருவருக்கும் பொதுவான அலமாரியில் வைத்துவிட்டு, “நீயும் எடுத்துக்கோடீ” என்றாள். நான் தொடவில்லை. கொள்கைக்காகத்தான். அவள் சண்டை போடுவாள், பதில் சொல்லலாம் என்று மூன்று நாள் காத்திருந்தேன். பதில் தயாராக வைத்திருந்தேன் அக்கா, ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு பதில். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. நாலாம் நாள் கோமதி அறைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். புத்தகம், பாய், வாளி, மாதா படம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனவள், ஊறுகாய் பாட்டிலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மறதி. கொண்டுபோய்க் கொடுக்கலாம்தான். ஏன் நான் போக வேண்டும்?

அதோ, தண்ணீர் தொட்டி தெரிகிறது பாருங்கள், அடுத்த ஸ்டாப் நம்முடையது. பெட்டியை எடுங்கள். பாப்பாவுக்கு எந்த அறை கொடுப்பார்களோ, என் அறையில் ஒரு கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. காற்று நன்றாக வரும். பேச்சுத்துணைக்குக் குறைவே இருக்காது. ஏன் அக்கா, பெண் கையை அப்படிப் பிடித்துக்கொள்கிறீர்கள்?

சரி, கதை முழுக்கக் கேட்டுவிட்டீர்கள். தீர்ப்பைச் சொல்லுங்கள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே? நான் எழுந்தது சரிதானே?

என்ன?

அதுவா? இவ்வளவு சொன்னதற்கு நீங்கள் கேட்பது அதுதானா? அவள் அம்மாவைப் பார்த்தாளா, இல்லையா?

அது எதற்கு அக்கா இங்கே? வாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையே. ரயில் சரியான நேரத்துக்கு வந்ததா, இவள் போய்ச் சேர்ந்தாளா, பத்து நிமிஷமும் நின்றதா… ஒரு வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்கிறீர்கள். கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தெரியாது அக்கா.

அன்றைக்கு ஹாலில் எழுந்து நின்று தெரியாது என்றேனே, அது தெரிந்துகொண்டே சொன்னது. இது அப்படி இல்லை. இறங்குங்கள், பார்த்து. வாளியை என்னிடம் கொடுங்கள், நான் கொண்டு வருகிறேன்.